ஒழுகியது ஓரிடம், ஓட்டை வேறிடம்

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்க, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற பழைய ஆர்வி டிரெய்லர் ஒன்றை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, மழைக்காலம் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனால் நல்லது. நாங்கள் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே. அக்டோபரில் பிடித்தால் ஏப்ரல் வரைக்கும் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும் ஊர். நம்மூர் ஐப்பசி மழை போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, மெல்ல மெல்ல ஊறவைக்கும். டிரெய்லருக்கு அதுதான் எமன். ரெய்னியர் மலை, ஒலிம்பிக் தேசியப் பூங்கா என்று சுற்ற ஆசைப்பட்டு, 22 அடி நீள டிரெய்லர் ஒன்றைப் பதினான்காயிரம் டாலருக்கு வாங்கினோம். 2014 மாடல். உள்ளே பளிச்சென்று இருந்தது. குழந்தைகள் அன்றைக்கே அதில்தான் படுப்போம் என்று அடம்பிடித்தார்கள்.

முதலில் தெரிந்தது வாசனைதான். ஜனவரியில் ஒருநாள் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு நாற்றம். படுக்கைக்கு மேலே இருக்கிற அலமாரியைத் திறந்து, மூலையில் கையை வைத்தேன். சுவர்க் காகிதம் சுருக்கம் சுருக்கமாக எழும்பியிருந்தது, அமுக்கினால் விரல் உள்ளே போனது. கீழே மெத்தையின் ஓரம் ஈரம், அடியில் கரும்பூஞ்சை. என் கணவர் அப்போது விசா முத்திரைக்காகச் சென்னையில் இருந்தார், திரும்பும் தேதி தள்ளிக்கொண்டே போனது. வீடியோ காலில் காட்டினால், "வந்த விலைக்கு வித்துடலாம்மா" என்றார். இந்த நிலையில் யார் வாங்குவார்கள்? சரி, ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்வோம் என்று இறங்கினேன். அந்தக் குளிர்கால ராத்திரிகளில் மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. வெளியே விழுகிற ஒவ்வொரு சொட்டும் காசாக விழுவது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கே வந்து பார்க்கும் மெக்கானிக் ஒருவர் வந்தார். கூரை மேல் ஏறி, படுக்கைக்கு நேர் மேலே இருந்த காற்றோட்ட விசிறியைச் சுற்றிலும் சந்தை அடைக்கும் வெள்ளைப் பசையான சீலன்டைக் குவியல் குவியலாகப் பிதுக்கினார். அரை மணி நேர வேலை, 480 டாலர். "இனி சொட்டுக்கூட வராது" என்றார். அடுத்த மழைக்கே வந்தது. மறுபடி கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. இந்த ஊரில் தனியாக நிற்கிற பெண்ணிடம் வேலையை ஏனோதானோவென்று முடித்துவிட்டுப் போய்விட்டார் என்கிற எண்ணம் பல நாள் போகவில்லை.

திருநெல்வேலியில் அப்பா கட்டட மேஸ்திரியாக இருந்தவர். போனில் புலம்பியபோது அவர் சொன்னதுதான் திருப்பம்: "தண்ணி தெரியுற இடத்துல ஓட்டையைத் தேடாதம்மா. மேட்டுல தேடு. தண்ணி நடந்து வரும்." மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிப் பார்க்கிற சோதனையைச் செய்யச் சொன்னார். டிரெய்லர் கூரையில் அது நடக்காது, ஆனால் அவர் சொன்ன தத்துவம் அப்படியே பொருந்தும். ஆர்வியின் கூரையில் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பு சாமானியமாக ஒழுகாது. கிளை கிழித்தால்தான் உண்டு. ஒழுகுவதெல்லாம் அதில் நாம் போட்ட துளைகளில்தான்: விசிறி, ஏசி, வெளிச்சத்துக்காகக் குளியலறைக்கு மேல் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்கைலைட், கழிவுக் குழாயின் மூச்சுக் குழாய், ஆன்டெனா, ஏணியின் கால்கள், சோலார் தகட்டின் ஸ்க்ரூக்கள். அதைவிட மோசம், கூரையும் சுவரும் சேரும் ஓரம். அங்கே ஒரு அலுமினியப் பட்டி வரிசையாக ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டிருக்கும். ஸ்க்ரூக்களை மறைக்க அதன் மேல் ஒரு வினைல் நாடா. வெயிலில் அந்த நாடா சுருங்கி முனையில் இடைவெளி விடும், அதன் வழியே தண்ணீர் பட்டிக்குள் தேங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவாக நனைத்துக்கொண்டே போகும். உங்கள் வண்டியில் அந்த நாடா முனையில் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மீட்டருக்கு இரண்டு மூன்று டாலர்தான், மாற்றிவிடலாம்.

அடுத்து நான் செய்தது, ஈரமானி ஒன்று வாங்கியது. இரண்டு ஊசி முனை உள்ளது, முப்பது நாற்பது டாலருக்குள் கிடைக்கும். ஊசி குத்திய தடம் தெரியும் என்பதால் அலமாரிக்குள், மெத்தைக்கு அடியில் என்று மறைவான இடங்களில் குத்த வேண்டும். காய்ந்த பலகை பதினைந்து சதவீதத்துக்குக் கீழே காட்டும். இருபதைத் தாண்டினால் உள்ளே தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் முன் மூலையில் அது கடைசி எண்ணுக்கே போய் நின்றது. ஆனால் மெக்கானிக் பூசிவிட்டுப் போன விசிறியைச் சுற்றிக் குத்தினால் காய்ந்துதான் இருந்தது! மூலையிலிருந்து மேலே போகப் போகவும் ஈரம் தொடர்ந்தது. ஒரு பேப்பரில் சுவரை வரைந்து எண்களைக் குறித்தேன். ஈரம் வந்த பாதை அதில் அப்படியே தெரிந்தது.

ஓட்டை எங்கே என்று துல்லியமாகக் காட்டுவதற்குக் காற்றழுத்தச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. யாராவது எனக்கு முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் அந்த 480 டாலர் மிஞ்சியிருக்கும். கூரை விசிறி இருக்கும் இடத்தில் ஒரு ஊதுவிசிறியைப் பொருத்தி, ஜன்னல், கதவு, அடுப்புப் புகைபோக்கி எல்லாவற்றையும் மூடி, உள்ளே காற்றை லேசாக நிரப்புகிறார்கள். அப்புறம் வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால், சந்து இருக்கும் இடத்திலெல்லாம் நுரை கொப்பளிக்கும். ஒரு பட்டறையில் 200 டாலர் வாங்கினார்கள், கொடுத்த காசுக்கு உருப்படியான ஒரே வேலை அதுதான். விசிறியில் ஒரு குமிழி இல்லை. முன்பக்க உச்சியில் வரிசையாக இருக்கும் ஆரஞ்சு நிற அடையாள விளக்குகளில் ஒன்றிலிருந்து கொத்துக் கொத்தாக நுரை வந்தது. அதற்குப் பின்னால் ஒயர் போகும் துளை. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த விளக்கின் பின்னால் தண்ணீர் வழிந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூலையில் தேங்கியிருக்கிறது. மூலைப் பட்டியிலும் இரண்டு இடத்தில் நுரை. இதைச் சொந்தமாக இலை ஊதும் யந்திரத்தை வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அழுத்தம் அதிகமானால் நன்றாக இருக்கிற சந்துகளும் பிளக்கும் என்பதால் நான் துணியவில்லை. எப்படிச் செய்தாலும் கேஸ் அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் முதலில் அணைத்து, சிலிண்டரை மூடிவிடுங்கள்.

இன்சூரன்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை நம்பித்தான் பலர் இருக்கிறார்கள். மரம் விழுந்து கூரை கிழிந்தால் தருவார்கள். சந்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது என்றால் அது பராமரிப்புக் குறை என்று கைவிரித்துவிடுவார்கள். எங்களுக்கும் அதே பதில்தான், ஒரு பத்தியில் எழுதி அனுப்பினார்கள். கம்பெனி உத்தரவாதமும் பெரும்பாலும் முதல் வருடத்தோடு, முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். அந்த ஒரு வருடத்திலும் சீலன்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்திருக்க வேண்டும் என்று கையேட்டில் நிபந்தனை போட்டிருப்பார்கள். சுவரைப் பிரித்து மாற்ற ஒரு பாடி ஷாப்பில் விலை கேட்டேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம். கேட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் உடனே செய்ய முடியாது. பெரும்பாலான சீலன்ட்டுகளுக்குக் காய்ந்த பரப்பும், ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெப்பமும் வேண்டும். இங்கே அப்படி நிம்மதியாகக் கிடைப்பது ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான். அதுவரை மாதம் 190 டாலர் கொடுத்துக் கூரை போட்ட ஸ்டோரேஜில் வண்டியை நிறுத்தினேன். தார்ப்பாய் போட்டு மூடுவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. காற்றில் அது ஆடி ஆடிக் கூரையின் ஓரங்களைத் தேய்த்துவிடும், அடியில் ஈரத்தையும் அடைத்து வைக்கும். வேறு வழி இல்லாதவர்கள் மூலைகளில் பழைய துணியை மடித்து வைத்துவிட்டுக் கட்டுங்கள். அந்த மாதங்களில் உள்ளே அலமாரியைக் கழற்றி, ஊறிப்போன பலகையை வெட்டியெடுத்து, பின்னால் இருந்த பஞ்சையும் உருவிப் போட்டேன். என்95 முகக்கவசம் இல்லாமல் பூஞ்சையைத் தொடாதீர்கள். ஈரப்பதம் உறிஞ்சும் யந்திரத்தை ஓடவிட்டு, மீட்டர் பதினைந்துக்குக் கீழே இறங்குகிறவரை எதையும் மூடவில்லை. இதில் அவசரப்பட்டு ஈரத்தை உள்ளே வைத்து அடைத்தால் அப்புறம் வெளியே எவ்வளவு நன்றாகப் பூசினாலும் பலகை உள்ளேயே உளுத்துப்போகும்.

ஜூலையில் மூலைப் பட்டியைக் கழற்றினேன். வினைல் நாடாவை உருவினால் வரிசையாக ஸ்க்ரூ தலைகள், மேலே இருந்தவை வெள்ளையாக, கீழே வரவரத் துருப்பிடித்துச் சிவப்பாக. ஒன்றைத் திருகியதும் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிமானம் இல்லை. கையாலேயே இழுத்தால் வந்துவிட்டது. அதன் மரையில் ஒட்டிக்கொண்டு வந்தது மரமா என்று கேட்டால் இல்லை, பில்டர் காபிச் சக்கை மாதிரி கறுப்பாக, ஈரமாக, விரலால் நசுக்கினால் கரைந்தது. பட்டிக்கு அடியில் தொழிற்சாலையில் வைத்த, களிமண் மாதிரியான புட்டி நாடா காய்ந்து மொறுமொறுவென்று உடைந்தது. அடையாள விளக்கைக் கழற்றினால் அதன் பின்னால் இருந்த நுரைப் பட்டை தொட்டதும் பொடியானது. இவ்வளவுக்கும் வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

இனி சாமான்கள். முதலில் உங்கள் கூரை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்: இபிடிஎம் ரப்பரா, டிபிஓ என்கிற பிளாஸ்டிக் விரிப்பா, பைபர்கிளாஸா, அலுமினியமா. கையேட்டில் இருக்கும். சீலன்ட் அதற்குப் பொருந்த வேண்டும். எங்களது இபிடிஎம். கூரையின் மேல் படுக்கைவாட்டில் இருக்கும் இடங்களுக்குத் தானாகச் சமன்படும் லேப் சீலன்ட். நான் டைகோர் கம்பெனியுடையதை வாங்கினேன், ஒரு குழல் பதினைந்து டாலருக்குள். அதைச் செங்குத்தான சுவரில் வைத்தால் வழிந்துவிடும். சுவருக்கும் விளக்குக்கும் பட்டிக்கும் வழியாத வகை தனியாக இருக்கிறது. எந்தப் பொருளையும் ஸ்க்ரூ போட்டு முடுக்கும் முன் அதற்கு அடியில் வைக்க, பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் நாடா. கிழிசலுக்கும் நீளமான சந்துக்கும் மேலே ஒட்டுகிற எட்டர்னாபாண்ட் நாடா. வீட்டுக் குளியலறைக்கு வாங்கும் சிலிக்கானைக் கண்டிப்பாகத் தொடாதீர்கள். வண்டியை விற்றவர் ஸ்கைலைட்டைச் சுற்றிப் பூசியிருந்தது அதைத்தான். சிலிக்கான் ரப்பர் மேல் சரியாக ஒட்டாது, அதைவிட முக்கியம், சிலிக்கான் மேல் வேறு எதுவும் ஒட்டாது. உரித்தெடுத்தபிறகும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் நிற்கும். எனக்கு இரண்டு முழுப் பகல் அதைச் சுரண்டவே போனது. முடி உலர்த்தியால் லேசாகச் சூடேற்றி, தட்டையான பிளாஸ்டிக் கரண்டியால் மட்டும் சுரண்டுங்கள். இரும்புத் தகடு கூரையைக் கிழித்துவிடும். அதே வகை லேப் சீலன்ட் பழையது உறுதியாக ஒட்டியிருந்தால் அதை உரிக்க வேண்டியதில்லை. சுத்தம் செய்து அதன் மேலேயே புதியதைப் பூசலாம். தூக்கிக்கொண்டு நிற்கும் பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

சுத்தம்தான் முக்கால்வாசி வேலை. பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர், மென்மையான பிரஷ், நன்றாகக் காயவிட்டு, பூசும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வகையறாக்கள் இபிடிஎம்மை உப்பவைத்துவிடும். சோப்புத் தண்ணீர் பட்ட ரப்பர் கூரை எப்படி வழுக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஈரம் இருக்கும்போது அதில் நிற்காதீர்கள். நான் ஏணியில் நின்றபடி எட்டிய மட்டும் கழுவினேன், நடுப்பகுதியைக் காய்ந்தபிறகு ஒரு ஒட்டுப்பலகையைப் போட்டு அதன் மேல் மண்டியிட்டுத் துடைத்தேன். பலகை எடையைப் பரப்பிக்கொள்ளும். பூசும் நாளில் விடியற்காலைப் பனி காயும்வரை காத்திருங்கள்.

மூலையில் உளுத்த மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கட்டை வைத்து, பட்டியின் பின்புறம் பியூட்டைல் நாடாவை முழு நீளத்துக்கும் ஒட்டி, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவைப் பழையதைவிட ஒரு அளவு தடிமனாகப் போட்டேன். முதல் நாளே இறுக்கி முடித்துவிடக் கூடாது. பியூட்டைல் பிதுங்கி வருகிற அளவுக்கு முடுக்கிவிட்டு, அடுத்த நாள் வெயிலில் அது இளகியதும் மறுபடி ஒரு சுற்று முடுக்கினால் இன்னும் பிதுங்கும். அதைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துவிட்டு, ஓரத்தில் வழியாத சீலன்டால் ஒரு கோடு. விளக்குக்கு மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டேன். எப்படியாவது ஒரு சொட்டு உள்ளே போனாலும் வெளியே வர வழி வேண்டும். ஜன்னல் சட்டத்தின் கீழே சின்னத் துளைகள் இருக்கும், அவை தண்ணீர் வெளியேறத்தான். ஓட்டை என்று நினைத்து அடைத்தவர்கள் நிறையப் பேர். எட்டர்னாபாண்ட் நாடாவை ஒட்டும்போது ஒருமுறை பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. முதலில் காகிதத்தோடு வைத்து அளவு பார்த்து, மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட்டு, சின்ன உருளையால் அழுத்தமாகத் தேய்க்க வேண்டும்.

கூரை ஏசி தனிக் கதை. அதன் அடியில் 14க்கு 14 அங்குலத் திறப்பைச் சுற்றி ஒரு நுரைப் பட்டை இருக்கிறது. வண்டி குலுங்கிக் குலுங்கி அதன் போல்ட் தளர்ந்தால் ஏசியைச் சுற்றித் தண்ணீர் சொட்டும். அதற்காகக் கூரை மேல் ஏறிப் பூச வேண்டிய அவசியமே இல்லை, உள்ளிருந்து மூடியைக் கழற்றினால் போல்ட் தெரியும். கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் பட்டை நசுங்கிப்போகும்.

சாமான், பலகை, வாடகை, சோதனை, அந்த மெக்கானிக்குக் கொடுத்தது என்று எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு டாலர் போனது. ஒரு கோடைகாலமும் போனது, குழந்தைகளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆகஸ்டில் கணவர் திரும்பி வந்து, கூரையைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி மகள்னு நிரூபிச்சுட்டியே" என்றார். அதற்கப்புறம் ஹோ மழைக்காட்டு முகாமில் போய் நின்றோம், வருடத்துக்கு 140 அங்குலம் பெய்கிற இடம். உள்ளே காய்ந்துதான் இருந்தது. ஆனால் முன் மூலையில் வெளிச் சுவரின் பைபர்கிளாஸ் கையளவு உப்பியிருக்கிறது. ஒட்டியிருந்த மெல்லிய பலகை ஊறி விடுபட்டதால் வருவது அது. பூச்சால் அதைத் திருப்ப முடியாது. வசந்தத்தில் ஒருமுறை, மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒருமுறை கூரையைக் கழுவி, ஒவ்வொரு துளையையும் அதே வரிசையில் போட்டோ எடுத்து, போன தடவை எடுத்ததோடு வைத்துப் பார்க்கிறேன். ஃபிர் மரத்து ஊசியிலைகள் ஸ்கைலைட்டுக்குப் பின்னால் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதைக் கையோடு அள்ளிவிட வேண்டும். மிச்ச சீலன்ட் குழலில் காலாவதித் தேதி இருக்கிறது, தள்ளுபடியில் வாங்குபவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கப் போகிறவர்கள் முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். வெளிச் சுவரை ஒட்டி நின்று, சாயங்கால வெயில் சாய்வாகப் படும்போது நீளவாக்கில் பார்த்தால் உப்பல் அலை அலையாகத் தெரியும், கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தாலும் தெரியும். பெரிதாக இருந்தால் பேரம்கூடப் பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே நான்கு மூலைகளையும், வாசல் பக்கத் தரையையும், கட்டிலுக்கு அடியிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். வாசனை திரவியம் தூக்கலாக அடித்தால் அது எதை மறைக்கிறது என்று யோசியுங்கள். ஈரமானியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், குத்திப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில். "போன மாசம்தான் முழுசா சீல் பண்ணினோம்" என்று சொன்னால், எதை வைத்து, எந்த இடத்தில், எதற்காக என்று கேட்டு, மேலே ஏறி நகத்தால் ஓரத்தைச் சுரண்டுங்கள். பளபளவென்று ரப்பர் கயிறு போல உரிந்து வந்தால் சிலிக்கான்தான். அதைச் சுரண்ட உங்களுக்கு இரண்டு பகல் ஆகும் என்று கணக்குப் போட்டு விலையைப் பேசுங்கள்.